தந்தையென எழுதித் தம்பியான செய்தி

நலம் பெருகுக. ஆழி சூழ் அலைவாய்நாட்டைச் செங்கோல் வழுவாது புரக்கும் கடற்காவலர், குடிதாங்கி, கோமான் வல்லபத் திரையர் திருமுன்பு, மேலைக் கடலுக்கு அப்பால் ஒகையோப் பேராற்றங்கரையில், ஷாவ்னி என்னும் அமெரிக்கத் தொல்குடியினரின் ஊரிலிருந்து தூதன் நக்கன் செவ்வேளான் பணிந்து விடுக்கும் ஓலை. அரண்மனையும் அந்தப்புரமும், யானையும் குதிரையும், மடைப்பள்ளியும் நலமென நம்புகிறேன். மடைப்பள்ளியைத் தனியே நினைப்பது ஏனென்றால், அடியேன் புளி கண்டு ஆறு திங்களாகிறது.

கலம் உடைந்து, ஆங்கிலேய வணிகரோடு உள்நாடு சென்று, இக்குடியினரிடம் சிறைப்பட்ட நம் மாலுமி எழுவரையும் மீட்டு வருக எனத் தேவரீர் பணித்தீர்கள். எழுவரும் நலம், முன்னிலும் பருத்திருக்கிறார்கள். பனிக்காலத்துக்குள் அவர்கள் கடற்கரை சேராவிடில் ஊர் திரும்பக் கலம் இல்லை என்பதால், வந்த அன்றே அவையில் நம் அரச ஓலையைப் படித்தேன். உமக்குத் தந்தையாகிய யாம் ஆணையிடுகின்றோம் என்று அது தொடங்குகிறது. வாசகம் வகுத்தவன் அடியேன்; பழியும் எனதே.

இவ்வூர்த் தலைவரின் பெயர் நம் எழுத்தில் அடங்காது. பொருளால் நெடுநாரையார் என்க. அவர் ஓலையைக் கேட்டு மகிழ்ந்து, தந்தை வந்திருக்கிறார், யாவரும் வருக என்று ஊரை அழைத்தார். இம்மக்களிடையே தந்தை மகனுக்கு ஆணையிடுவதில்லை, அரசே. கேட்டதைக் கொடுப்பதே தந்தையின் வேலை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதே பட்டத்தைச் சூடி வந்து இதே சேற்றில் கால் வைத்தவர்களாம். நான்கு நாள் கொடுத்தேன். பட்டு போயிற்று, மிளகு போயிற்று, நான்காம் நாள் தலைப்பாகையும் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததென்று உணர்ந்து, ஐந்தாம் நாள் தந்தைப் பட்டத்தைத் துறந்து, தேவரீரை நெடுநாரையாருக்குத் தம்பியாக்கிவிட்டேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்னும் நம் பழமொழியை அவர் மும்முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். உத்தரவின்றிச் செய்ததைப் பொறுத்தருள்க.

தேவரீர் தம்பியானதும் நெடுநாரையார் மெய்யுரைத்தார். எழுவரும் சிறைவாசிகளே அல்லராம். ஆற்றில் நீராட்டிப் புதுப்பெயரிட்டு, போரில் மகனை இழந்த வீடுகளுக்குப் பிள்ளைகளாகக் கொடுக்கப்பட்டவர்களாம். ஒரு வீட்டுப் பிள்ளையை வெளியேற்றத் தமக்கும் அதிகாரமில்லை, தம் தமக்கையாரைக் கேட்குமாறு சொன்னார். அவ்வம்மையார் பெண்டிர் அவைக்குத் தலைவி. அவர் தடுத்தால் புறப்பட்ட படையும் வீடு திரும்பும். நம் மீகாமன் கோடன் இப்போது அவர் வீட்டுப் பிள்ளை.

அம்மையார் கேட்டது ஒன்றே: இவர்களுக்கு அங்கே தாயர் உண்டோ என்று. உண்டு, கோடனின் தாய் துறையில் உப்பு விற்பவள், வரும் கலங்களையெல்லாம் எட்டிப் பார்ப்பவள் என்றேன்.  அதற்கு அவர், வயிறு நொந்து பெற்றவளிடமிருந்து பிள்ளையை மறைப்பது அழகன்று, போய் அவள் கையால் உண்ணட்டும், இரண்டாம் இளவேனிலில் வந்து எங்களையும் பார்க்கட்டும் என்றார். அதுவரை தம் வீட்டில் யார் உண்பார் என்றும் கேட்டார். அழுதுகொண்டே கேட்டதால் அடியேனுக்கு வாய் முந்திக்கொண்டது; நான் உண்பேன் என்றேன்.

மறுநாள் பெண்கள் அடியேனை ஆற்றில் இறக்கி மணலால் தேய்த்தார்கள். பழைய குலம் கழன்றதாம். தோலும் சிறிது கழன்றது. இப்போது அம்மையாருக்கு மகன் நான். அவர் தேவரீருக்கு அக்கை; ஆகவே தேவரீர் அடியேனுக்குத் தாய்மாமன். சீர்வரிசையில் பட்டு வேட்டி ஒன்றாவது எதிர்பார்க்கிறேன்.

இவ்வோலையை ஏந்தி வருபவர் அவ்வெழுவரே. இங்குத் திரும்ப மனமில்லாதவரை வற்புறுத்தற்க. இங்கே யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஆனால் கோடன் வரவேண்டும். அவன் வந்தால்தான் அடியேன் ஊர் திரும்பலாம் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. கோடன் படகுத்துறைக்குப் போய்விட்ட பின்னும் அம்மையார் சோளக்கஞ்சியை இரண்டு கிண்ணங்களில் வார்க்கிறார். ஒன்று எனக்கு. மற்றதைப் பார்த்துக்கொண்டு என்னால் உண்ண முடியவில்லை.

இவ்வோலையில் இட்ட முத்திரை அலைவாய்நாட்டினுடையது. ஆணை மட்டும் தேவரீரின் அக்கையாருடையது: இரண்டாம் இளவேனிலில் என் பிள்ளையை அனுப்பி வை, தம்பி.