உஜோங் பாசிர் லைனில் ஒரு குச்சி

நவம்பர் 1957, புதன்கிழமை. காஜா பேராங்.

இரவு சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது.

காலையிலிருந்து மழை. யாராவது போன் கைப்பிடியைச் சுற்றினால், எக்ஸ்சேஞ்சில் எங்கள் பலகையில் அவர் லைனுக்குரிய சின்னத் தகடு விழும். கம்பி நனைந்தாலும் விழும். கேட்டுப் பார்த்துப் பதில் வராத லைனில் ஒரு மரக்குச்சியைச் செருகிவிடுவோம். அதன்பிறகு அந்தத் தகட்டை யாரும் பார்ப்பதில்லை. இல்லாவிட்டால் மழை நாளில் வேலை ஓடாது. இன்று உஜோங் பாசிரில் மளிகைக்கடை வைத்திருக்கும் காதர் பாயின் லைனில் நான் செருகினேன்.

மத்தியானம் அவரே சைக்கிளில் வந்து நின்றார். சட்டையெல்லாம் தண்ணீர்.

"லைன் கெட்டுப்போச்சா தம்பி? பொண்டாட்டிக்கு வலி கண்டுருச்சு. டாக்டரக் கூப்பிடணும்னு கை ஓயுற வரைக்கும் சுத்தினேன்."

"இப்ப எப்படி இருக்காங்க பாய்?"

"அவ இருக்கா. புள்ள தங்கல."

குச்சி அவர் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியாது.

"மழையில லைன் போயிருச்சு பாய்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

குச்சியை உருவினேன். கொஞ்ச நேரத்தில் தகடு விழுந்தது. "நம்பர் பிளீஸ்" என்றேன். வெறும் இரைச்சல். மழைதான். மறுபடி விழுந்தது, மறுபடி கேட்டேன். பக்கத்து இருக்கை லிம் குச்சியைப் போடச் சொன்னான். போடவில்லை. வேலை முடியும்வரை மழையிடம் நம்பர் கேட்டுக்கொண்டே இருந்தேன்.