முழுப் பேரோடு நில்

திருப்போரூர்
14.3.2006

அன்புள்ள திவ்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வெயிலைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். லண்டனில் நீயும் குளிரைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று கந்தசாமி கோயிலில் சொல்லிவிட்டு வந்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் சொல்ல வந்ததோ அவரைப் பற்றி. அவர் சிறுசேரிக்கு ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார், நான் அணுபுரம் குடியிருப்பு கேட்டில் இட்லி விற்று முடித்துப் பதினோரு மணிக்கே வந்துவிட்டேன், அதனால் இப்போது எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவள் கையெழுத்து, தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் படி. தையல் மிஷினை விற்றுவிட்டேன், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அடுத்து மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை காலியாகிறதாம், அதைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உன் அப்பா இப்போதே தலையில் கை வைத்துவிட்டார். நீ ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிறாய், அந்தத் தேய்ந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு. கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, சந்தோஷப்படு.

இங்கே மே எட்டாம் தேதி ஓட்டு, அங்கே உங்கள் கவுன்சிலுக்கு மே நாலு. ஒரே வாரத்தில் தாய்க்கும் மகளுக்கும் எலக்‌ஷன். இந்தியாக்காரர்கள் அங்கே ஓட்டும் போடலாம், கவுன்சிலருக்கும் நிற்கலாம் என்று நீ முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை, உன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். உங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் லீவு நாளில் கட்சி நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறீர்கள் என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்றால் நானும் உன் அப்பாவும் இங்கே அதைத்தான் பத்து வருஷம் செய்தோம். கொடி கட்டினோம், ஆள் கூட்டினோம், பந்தல் போட்டோம், மேடையில் யாரோ உட்கார்ந்தார்கள், நமக்கு ஒரு துண்டும் எலுமிச்சைச் சோறும் கிடைத்தன. என் பெண்ணும் அங்கே போய் வெள்ளைக்காரக் கட்சிக்குக் கொடி கட்டுகிறாளா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் போன வருஷத்து எலக்‌ஷனில் நடந்ததை நீ சொன்ன பிறகு என் எரிச்சல் போய்விட்டது. கட்சி ஆபீஸில் ஓட்டர் லிஸ்டைப் பார்த்துக் கடைசிப் பேர் ஒவ்வொன்றையும் ஒரு குடும்பம் என்று எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். நம் ஜனத்துக்கு ஏது குடும்பப் பேர். புருஷனுக்குப் பின்னால் அவன் அப்பா பேர், பெண்டாட்டிக்குப் பின்னால் புருஷன் பேர், கல்யாணமாகாத பெண்ணுக்குப் பின்னால் அப்பா பேர். ஒரே வீட்டை மூன்று குடும்பமாக எழுதி மூன்று தடவை தட்ட வைத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை நீ போய் நின்றபோது அந்த யாழ்ப்பாணத்து அம்மா, "பிள்ளை, இதே கடதாசியை இன்னும் எத்தினை தரம் தருவீங்கள், உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாராம். அதை நான் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன். நீ சிரித்ததோடு நிற்காமல் ஒரு வாரம் உட்கார்ந்து எந்தப் பேர் எந்த வீடு என்று எல்லாவற்றையும் சேர்த்து லிஸ்டைச் சரியாக்கிக் கொடுத்தாயே, அதனால்தான் இந்த வருஷம் சங்கத்துக்கு ஒரு சீட்டு என்றபோது வெங்கடராகவன் சார் தனக்குக் கேட்காமல் உன் பேரைச் சொன்னார். சங்கத்தின் தலைவர் அப்படி விட்டுக்கொடுத்ததை நான் இங்கே பார்த்ததே இல்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய். கட்சி ஆபீஸ் அம்மா உன் பேர் நோட்டீஸுக்கு நீளமாக இருக்கிறது, வாயில் நுழையாத பேருக்கு ஜனங்கள் ஓட்டுப் போடத் தயங்குவார்கள், சரவணகுமாரில் முன்பாதியை எடுத்துவிட்டு திவ்யா குமார் என்று வைத்துக்கொள், 'கே' எழுத்தில் வந்தால் அகர வரிசையில் ஓட்டுச் சீட்டிலும் 'எஸ்'ஸுக்கு மேலே வரும் என்கிறாள், சங்கத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. உன் அப்பா உடனே, "சரிம்மா, உனுக்கு எது வசதியோ அப்பிடியே செய்" என்றார். நீயும் நிம்மதியாக போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. காலையில் கழுவிய வண்டியை மறுபடியும் கழுவினார். போன வருஷம் நீ அனுப்பினாயே ஒரு நோட்டீஸ், அடியில் தொண்டர் பேர் வரிசையில் திவ்யா சரவணகுமார் என்று அச்சாகியிருக்குமே, அதை அவர் வண்டியில் வெயில் மறைக்கிற பலகைக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார். சிறுசேரி கம்ப்யூட்டர் பிள்ளைகளில் புதிதாக யார் ஏறினாலும் எடுத்துக் காட்டி, "லண்டன்ல என் பேரு, படி" என்பார். அதை எடுத்து வந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். என்னய்யா என்றேன், ஈரம் பட்டுடும் என்றார்.

உனக்கு அப்பாவைச் சிலபேர் 'பாதி' என்று கூப்பிடுவது தெரியும். டீயைப் பாதி கிளாஸ்தான் குடிப்பார், அதனால் என்று நீ லீவுக்கு வந்தபோது நான்தான் உனக்குச் சொன்னேன். பொய். தொண்ணூற்றாறில் பஞ்சாயத்து எலக்‌ஷன் வந்தபோது நீ செங்கல்பட்டில் ஹாஸ்டலில் இருந்தாய், நாங்கள் கிராமத்தில் இருந்தோம். தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, ஆனால் நம் கட்சி ஆட்கள் உலகநாதன் அண்ணனை நிறுத்தினார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து அழகு என்று செவுத்தில் எழுதுகிற வேலையைக் கொடுத்தார்கள். திருவேங்கடம் ரைஸ் மில் செவுறு ரோடு முனையில் இருந்தது. அவர் கயிறு பிடித்து அளந்து பார்த்து, இடம் பத்தாது, எழுத்தைச் சின்னதாக்கணும், கோடு அழித்துப் போடணும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். எனக்கா ஒரு மணி நேரம் நிற்கப் பொறுமை இருக்கிறது. கையில் சுண்ணாம்பு வாளி, இன்னும் மூன்று செவுறு பாக்கி. "இன்னாய்யா பேஜாரு, 'உலக'வ இந்தப் பக்கம் எய்து, மீதிய முனைல திருப்பி அந்தப் பக்கம் எய்து, ஜனம் சேத்துப் படிக்காதா" என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் கத்தினேன். எழுதிவிட்டார்.

ஜனம் சேர்த்துப் படிக்கவில்லை. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கும் நடவுக்குப் போகிற பெண்களுக்கும் அந்தப் பக்கத்துச் செவுறுதான் தெரியும். அதில் பெரிசாக 'நாதனுக்கு வாக்களியுங்கள்' என்று இருந்தது. கோழிக்கடை நாதன் என்று ஒருத்தர் சும்மா வீம்புக்கு நின்றிருந்தார், அவர் வீட்டு ஓட்டே அவருக்கு விழாது என்று எல்லாரும் சொன்னோம். ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் கிழவிகள் எல்லாம் வந்து, "நாதன் சின்னம் இன்னாப்பா" என்று கேட்டார்களாம், யாரோ பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். கோழிக்கடைக்காரர் நாற்பத்தொரு ஓட்டு வாங்கினார். உலகநாதன் அண்ணன் எதிர்க்கட்சி ஆளிடம் பதினேழு ஓட்டில் தோற்றார். பேரை வெட்டினால் அது சின்னதாகிறது என்று நினைக்கிறோம் திவ்யா, அது வேறு ஆளுடைய பேராகிவிடுகிறது. கூட்டம் போட்டு யார் எழுதியது என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பா எழுந்து, "நான்தாண்ணா அளவு தப்பா எடுத்துட்டேன்" என்றார். அன்றைக்கு வைத்த பேர்தான் பாதி. பாதிப் பேர் எழுதினவன். பத்து வருஷமாக நான் வாயே திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பட்டுப் பட்டென்று பேசுகிற நான் இதை மட்டும் பேசவில்லை. வீட்டில்கூட அவர் ஒரு தடவையும் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம் நீ போன் பண்ணி, உங்கள் பேரில் பாதியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் அவர் சரி என்றுதான் சொல்வார். உன் மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது, நான் தெரியவிடவில்லை.

நேற்று சந்தையில் காய் வாங்கிவிட்டு இரண்டு பேரும் சீனு டீக்கடையில் நின்றோம். சீனு அதே கிராமத்து ஆள். "இன்னா பாதி, லண்டன் பொண்ணு எப்டி கீது" என்றான். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ, "டேய் சீனு, பாதி அவரு இல்லடா, நானு. அன்னிக்கு மில் செவுத்துல திருப்பி எய்தச் சொன்னவ நானு. அவரு வாணான்னாரு. இனிமே கூப்புடணும்னா என்னியக் கூப்புடு" என்றேன். சீனு துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப சரவணகுமாரு அண்ணாத்தக்கு டீ என் கணக்கு" என்றான். அப்பா முழு கிளாஸையும் குடித்தார். வரும் வழியில், "இன்னாத்துக்கு இப்ப அதெல்லாம்" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் இருந்து அந்த நோட்டீஸை எடுத்து, அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அதே அகலத்தில் ஒரு வெள்ளைத் தாள் வெட்டினார். பத்து வருஷத்துக்குப் பிறகு பிரஷ்ஷைத் தொட்டார். உன் பேரையும் அவர் பேரையும் சேர்த்து இங்கிலீஷில் பதினெட்டு எழுத்து. ஒரே வரியில், இடிக்காமல், நெருக்காமல், இரண்டு ஓரமும் விரல் அகலம் விட்டு எழுதினார். என்னிடம் காட்டவில்லை, மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இடம் பத்தாது என்கிற அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டு.

நிற்பதும் நிற்காததும் உன் இஷ்டம். நின்றால் நோட்டீஸ் தூக்கினவர்களை மறக்காதே, அந்த யாழ்ப்பாணத்து அம்மா வீட்டுத் தேத்தண்ணியையும் மறக்காதே. வாயில் நுழையவில்லை என்கிறவர்களுக்கு வாசலில் நின்று ஒரு தடவை சொல்லிக்கொடு, அவர்கள் பேரை நீ கற்றுக்கொள்ளவில்லையா. ஜெயித்தால் சந்தோஷம். தோற்றால் முழுப் பேரோடு தோற்றுவிட்டு வா, நான் மீன் குழம்பு வைக்கிறேன். நீ நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நிறைந்த வயிறோடு இருக்க வேண்டும் என்று உன்னைப் பெற்றவள் மனசார வாழ்த்துகிறேன். ஷூவை மறக்காதே. அப்பாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல், நான் எழுதியதாகச் சொல்லாதே. கவர் இவ்வளவு பெரியதாக இருக்கிறதே என்று பார்க்காதே, தபால் ஆபீஸில் இருந்ததிலேயே பெரியதாகக் கேட்டு வாங்கினேன். பேர் நடுவில் மடிப்பு விழக்கூடாது.

இப்படிக்கு, எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
ச. கன்னியம்மா
(ச என்றால் சரவணகுமார்)