முப்பத்திரண்டு நாள் விடுப்பு

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி குறைந்ததா? அத்தைக்கு என் வணக்கம். நான் நலம். ஒரு சங்கதி சொல்கிறேன், கோபிக்கக் கூடாது.

விடுப்புச் சீட்டு வந்தது. இந்த ஆண்டுக்கு ஆறு நாள், போன இரண்டு ஆண்டுகளில் எடுக்காமல் மிச்சமானது தலா நான்கு நாள். அலுவலகத்துத் தம்பி 6 + 2 × 4 என்று கால்குலேட்டரில் வரிசையாகத் தட்டி, முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டார். சலவைக்கூடத்தில் போர்வைகளை மடித்தபடியே அந்த முப்பத்திரண்டு நாளையும் வாழ்ந்து பார்த்தேன். ஆனால் இதே தப்புக்குத்தான் போன வாரம் நம் சின்னவளைப் போனில் கடிந்துகொண்டேன். மாலையில் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

“தம்பி, பெருக்கலை முதல்ல செய்யணும். ஆறும் எட்டும் பதினாலுதான்.”

“மெஷின் சொன்னதை எழுதினேன். நீங்க பேசாம கிளம்பியிருக்கலாமேக்கா!”

அவர் திருத்தி முடிக்கும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போக வர நான்கு நாள் கழித்தால் வீட்டில் பத்து நாள். அதனால் குளியலறைக் குழாயை இப்போதே சரிசெய்துவிடுங்கள். சின்னவளைப் பல் மருத்துவரிடமும் முன்பே காட்டிவிடுங்கள். சொந்தக்காரர்கள் யாருக்கும் நான் வரும் தேதி தெரிய வேண்டாம். முடிந்தால் நீங்களும் லீவு போடுங்கள். முடியாவிட்டால், மதியமாவது வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்களவள்