கிளி படிச்ச அழுகை

பாலமுனை
வெள்ளிக்கிழமை

ஹிமாயாட வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் புள்ளையும் அல்லாஹ்ட காவல்ல சுகம். நீங்களும் சுகமா இருக்கோணும். போனில கதைச்சா ரெண்டு சிரிப்புச் சிரிச்சு என்ட வாய அடைச்சிருவீங்க. அதான் கடதாசி எடுத்தன்.

வயல் வெட்டி முடிஞ்சு. மழைக்கு முதல் கூரைல ஓடு மாத்தினன்.

போன கிழமை ஹிமாயா ஸ்கூல் ட்ரிப்பில கொழும்புக்கு வந்தாள். வாப்பா மிருகக்காட்சிச்சாலைல பறவைக் காட்சி நடத்துறதச் சொல்லாமப் போய்ப் பார்க்கோணும் எண்டு அவளுக்கு ஆசை. அண்டைக்கு நீங்க லீவாம். வேற ஒராள்தான் நடத்தினாராம். நீங்க குஞ்சில இருந்து குவாட்டர்ஸ்ல வெச்சு வாயில தீத்தி வளர்த்த சாம்பல் கிளி சைக்கிள் ஓடிச்சாம், மணி அடிச்சாம். கடைசில பச்சப்புள்ள மாதிரி வீரிட்டு அழுதிச்சாம். பொறகு ஒரு பொம்புளட குரல்ல, அழாத மகன், வாப்பா வந்திருவார் எண்டு சொல்லிச்சாம். சனம் விழுந்து விழுந்து சிரிச்சதாம்.

புள்ள வந்து அத அப்பிடியே நடிச்சுக் காட்டினாள். நானும் சிரிச்சன். பொறகு மீன் கழுவக்குள்ளதான் கை நிண்டிச்சு.

நாளும் பொழுதும் காதுல விழுறதத்தான் கிளி படிக்கும் எண்டு நீங்கதானே சொன்னீங்க? குவாட்டர்ஸ் நாலு ஆம்புளையள் படுக்கிற இடம் எண்டு சொல்லித்தானே ஒன்பது வரிசமா எங்களக் கூப்பிடல்ல? அந்த நாலு ஆம்புளையள்ல ஆரு புள்ள பெத்தது? ச்சீ, அதக் காட்சிலயும் சேர்த்திருக்கீங்களே. நம்மட ஊரார் அங்க வரமாட்டாங்க எண்டு நினைச்சீங்க போல.

இது என்ட உம்மா வாப்பா எனக்கு எழுதித் தந்த வீடு. நீங்க இதுக்கு மாப்பிளையா வந்தவர். நான் கதவ மூடினா ஊர்ல ஒராளும் என்ட முகத்தப் பார்த்துக் கேக்க ஏலாது. மூடத்தான் நினைச்சன்.

ஹிமாயாக்கு இன்னும் ஒண்டும் விளங்கல்ல. பின்னேரத்துல பக்கத்து வீட்டுப் புள்ளையளக் கூட்டி வெச்சு அந்தக் கிளி மாதிரி அழுது காட்டுறாள். என்ட வீட்டுக்குள்ள அந்தப் புள்ளட அழுகைய நான் தினமும் கேக்கிறன். நிப்பாட்டு எண்டு சொல்லவும் ஏலாது, ஏன் உம்மா எண்டு கேப்பாள். வேற ஒரு வாயால அவளுக்கு விளங்க முதல், நீங்க வந்து உங்கட வாயால சொல்லுங்க. பெருநாள் வரைக்கும் கதவத் திறந்து வெச்சிருக்கன். அதுக்குப் பொறகு இல்ல.

இன்னொண்டு. வாப்பா வந்திருவார் எண்டு சொல்லிச் சொல்லித்தான் நானும் ஹிமாயாவ வளர்த்தன். இப்ப அங்க இருக்கிற பொம்புளையும் அவட புள்ளைக்கு அதையேதான் சொல்லுறாள். கிளி படிக்கிற அளவுக்குச் சொல்லியிருக்காள். அப்ப நீங்க அந்த வீட்டிலயும் இல்ல.

அந்தச் சின்னவன் அழக்குள்ள தூக்குங்க. அல்லாஹ் அவனுக்கு நீண்ட ஆயுளத் தரட்டும், வாப்பாட மடியையும் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
கமீலா