பட்டாணி இல்லாமல் ஒரு நடை

குகட்பள்ளி,
ஞாயிறு காலை

அன்புள்ள சாருவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான், அம்மா, உன் நாய் பட்டாணி மூவரும் சௌக்கியம், கால்கரிக் குளிரில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் என்றால் நீயும் நானும் மாறி மாறி 'ம்' கொட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, வாய்க்கு ஒரு வலியும் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்தால் திங்கள் வரை ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, பட்டாணியையாவது அனுப்புங்கள் என்று நீ அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். மனசு சங்கடமாகிவிட்டது. இந்தக் கூச்சம் நான் உனக்குச் சேர்த்து வைத்த சொத்து. ராமச்சந்திராபுரம் பாக்டரி பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனவன் நான். ரிடையரான அன்று நன்றி சொல்ல எழுந்தபோது பக்கத்து சீட் விஸ்வநாத், உங்கள் குரல் நன்றாக இருக்கிறதே சார் என்று ஆச்சரியப்பட்டார்.

போன வருஷம் நீ பட்டாணியை எங்களிடம் விட்டுப் போன புதிதில் நான் செய்த காரியம் உனக்குத் தெரியாது. காலையில் காலனிப் பூங்கா வாசலில் நாய் வைத்திருப்பவர்கள் கூடி நிற்பார்களே என்று பயந்து, ஆள் நடமாட்டமில்லாத மத்தியானம் ஒரு மணிக்கு அதைக் கூட்டிப் போனேன். மே மாதம், சிமெண்ட் ரோடு. மூன்றாம் நாள் பாதம் கொப்பளித்து நொண்டியது. நாய் டாக்டர், நீங்கள் செருப்பு போட்டிருக்கிறீர்கள், அது போடவில்லையே என்றார். வெட்கத்தில் செத்தேன். அது ஆறியதும் காலை ஆறு மணிக்கே போக வேண்டியதாயிற்று. நான் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினால் அது நடுக்கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைப் பொமரேனியன் வைத்திருக்கும் சபீனா என்ற பெண், "கித்னே சால் கா ஹை அங்கிள்?" என்று அதன் வயதைக் கேட்டாள். நாலு என்றேன், அரை மணி ஓடிவிட்டது. இதில் ஒரு சௌகரியம், முகம் பார்த்துப் பேச வேண்டாம், இரண்டு பேரும் நாயைப் பார்த்துக்கொண்டே பேசலாம். என்ன வயது, என்ன சாப்பிடும், பட்டாசுக்குப் பயமா என்று கேட்டால் போதும், மிச்சத்தை எதிராளியே பேசிவிடுவார். பட்டாணிக்குத் தமிழ்தான் புரியும் என்று அங்கே எல்லாரும் 'உட்காரு' கற்றுக்கொண்டுவிட்டார்கள். கால்கரியில் நீ அதைத் தமிழில் அதட்டும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஓடி ஒளியாதே.

இப்போது ஒரு உண்மை. அதன் பயணப் பேப்பர்கள் இன்னும் வரவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். இரண்டு மாதமாக பீரோவில் அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கின்றன. பட்டாணி போய்விட்டால் என்னோடு யார் பேசப் போகிறார்கள் என்ற பயம்தான். அங்கே எனக்குப் பெயரே 'பட்டாணி அங்கிள்'. அதனால் நேற்று அதை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தேன். வெறுங்கையோடு நிற்கத் தெரியாமல் அதன் கயிற்றை மட்டும் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். சபீனா பதறிப்போய், "பட்டாணி கைக்கு நை ஆயா?" என்று அது ஏன் வரவில்லை என்று கேட்டாள். அது நன்றாக இருக்கிறது, இன்றைக்கு நான்தான் வந்தேன் என்றேன். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் லாப்ரடார்காரர் சூசைராஜ் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். இத்தனை நாளாகக் கேட்கவே இல்லையே, உங்கள் பெயர் என்ன சார் என்றார். சொன்னேன். வீடு திரும்ப எட்டு மணி. காபி ஆறிவிட்டது என்று அம்மா சத்தம் போட்டாள், எனக்கு சந்தோஷமாக இருந்தது.

ஆகையால் தை மாதம் வரும்போது பட்டாணியைக் கூட்டிக்கொண்டு போ. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அம்மா அதற்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள், நாலு காலுக்கு வழி விடத் தெரியாமல் இரண்டு தடவை பிரித்தாகிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் நடந்து வந்தால் அதன் பாதத்தை மறக்காமல் துடைத்துவிடு. நீண்ட ஆயுளோடு, நாலு பேரோடு கலகலவென்று இரு.

இப்படிக்கு, உன் அப்பா,
ராஜகோபால்
(நேற்று முதல் பூங்காவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்)