மருமகளுக்காக நான் சொன்ன ஜெபக்குறிப்பு

திருத்தணி,
புதன்கிழமை

அன்பு மகன் காலேபுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் உன் அம்மாவும் நானும் சுகமாய் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு டூட்டிக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறோம். தினம் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு இப்போது கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. உன் குரல் கேட்டதும் அங்கே மழையா, இங்கே மோட்டார் ரிப்பேர் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ எங்களிடம் டெபோராவைப் பற்றிக் கோபமாய்ப் பேசினாய். பரீட்சையை வைத்துக்கொண்டு மணவூரில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துகினு இருக்கிறாள், வயசான உங்களைத் தனியே வுட்டுட்டு, நல்லா கேட்டுட்டேன் அவளை என்றாய். நானும் பெரிய மனதுக்காரன் போல, போகட்டும் விடுப்பா, அவங்க அம்மாவுக்கு ஜுரம் என்றேன். காலேப், உன் மாமியாருக்கு ஜுரமும் இல்லை ஒன்றும் இல்லை. உன் பெண்டாட்டி இந்த வீட்டை விட்டுப் போனது என்னால். அதை மறைக்க அவள் உன்னிடம் ஒரு பொய் சொன்னாள், அந்தப் பொய்யை நானும் பிடித்துக்கொண்டேன். நீ அவளைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டு காபி குடித்தேன். அன்றிலிருந்து எனக்கு என் முகத்தைப் பார்க்கவே வெட்கமாய் இருக்கிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அங்கே உன்னிடம் வந்து வேலையில் சேர அவள் எழுதிய நர்சுகளுக்கான ஆங்கிலப் பரீட்சையில், எழுத்துப் பகுதியில் அவளுக்குக் கொஞ்சம் குறைந்துபோனது உனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம், அடுத்த முறை எழுதிவிடுகிறேன் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். நான் இருக்கும்போது என்னம்மா கவலை என்றேன். அரக்கோணத்தில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் லோக்கல் வண்டியில் இங்கிலீஷ் பேப்பரில் வரும் ஜம்பிள் புதிரைப் போட்டுப் போட்டுத்தான் எனக்கு வார்த்தைகள் வந்தன, அதே வழியில் உனக்கும் வரும் என்று சொல்லி, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் தினமும் காலையில் சில வார்த்தைகளின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்ட ஆரம்பித்தேன். எல்லாம் ஆஸ்பத்திரி வார்த்தைகள். கண்டுபிடித்தால் போதாது, அகராதியில் அர்த்தம் பார்த்து, அந்த வார்த்தையை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அதே வேரிலிருந்து வரும் மற்ற வார்த்தைகளையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

உண்மையைச் சொன்னால் முதலில் அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. குழம்பைக் கிண்டிக்கொண்டே எழுத்துகளை முணுமுணுப்பாள். கடைசியில் வரக்கூடிய எழுத்துகளை முதலில் தனியாகப் பிரித்து வைத்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும் மாமா என்று எனக்கே ஒரு வழி சொன்னாள். காயம் என்பதற்கு அவள் எழுதிய வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது, அவள் பார்த்துக்கொண்ட ஒரு கிழவரைப் பற்றியது, இலக்கணத் தப்பு இருந்தாலும் படிக்கும்போது அந்த மனுஷனே கண் முன்னால் வந்தார். நான் சிவப்புப் பேனாவில் தப்பை மட்டும் வட்டம் போட்டுக் கொடுத்தேன். வாக்கியம் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தோடு நிறுத்தினேனா, இல்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் சொன்ன பிறகு அவளுக்கு மட்டும் ஒரு ஜம்பிள் என்று வைத்தேன். அவள் பதில் சொன்ன பிறகுதான் ஆமென். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டே, சாப்பாடு ஆறுதுங்க, அந்தப் பொண்ணை வுடுங்க என்பாள். நான் கேட்கவில்லை. வரவரப் பதில் வரத் தாமதமானது. பகலில் பிரிட்ஜ் கதவில் சட்டென்று எழுதிவிடுகிறவளுக்கு நான் எதிரில் உட்கார்ந்து கேட்டால் வாய் அடைத்துக்கொண்டது. நான் அதைக் கவனமின்மை என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. வீட்டு ஜெபக்கூட்டம் நம் வீட்டு முறை. கூடம் நிறைய ஆட்கள், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். கிருத்திகை என்பதால் மலைக்குப் போகிற கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் போதகர் ஐயா நடந்தே வந்து சேர்ந்தார். பாட்டு, செய்தி எல்லாம் முடிந்து, ஜெபக்குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒருத்தர் முட்டி வலி என்றார், ஒருத்தர் மகன் வேலை என்றார். நான் எழுந்தேன். எங்க மருமகள் இங்கிலீஷ் பரீட்சையில தவறிட்டா, நானும் தினம் சொல்லிக் கொடுத்துகினுதான் இருக்கேன், ஏற மாட்டேங்குது, கர்த்தர் அவ மூளையைத் திறக்கணும்னு எல்லாரும் ஜெபிங்க என்றேன். அப்படியே சொன்னேன் காலேப், ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். அப்போது அவள் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். நான் எவ்வளவு பாடுபடுகிறேன் என்று ஜனங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று, சட்டைப் பையிலிருந்த அன்றைய தாளை எடுத்து, எச், இ, பி, டி, ஏ, ஆர், இ என்று எழுத்துகளைச் சத்தமாய்ப் படித்து, சொல்லும்மா, எல்லாரும் கேட்கட்டும் என்றேன். தட்டில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் நம் சபை எவாஞ்சலின் டீச்சர் பொறுக்க மாட்டாமல், ப்ரீத், மூச்சு விடுறது, எனக்கே இப்பதான் வந்துச்சு என்று அவளுக்காகச் சொன்னார். போதகர் ஐயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் ஜெபக்குறிப்பு சொல்லியாயிற்றே, அவளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து ஜெபித்தார், எல்லோரும் சத்தமாய்ச் சேர்ந்துகொண்டார்கள். அவள் முட்டி போட்டுக் குனிந்தே இருந்தாள். நான்தான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவில் வாசலில் பார்க்கிறவர்களெல்லாம் அவளிடம் விசாரித்தார்கள். இப்ப இங்கிலீஷ் வருதாம்மா, உனக்காக ஜெபிச்சிகினு இருக்கோம் என்று. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு, அத்தை, நான் கொஞ்ச நாள் எங்க வீட்ல இருந்து படிக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு லோக்கலில் ஏறிவிட்டாள். என்னிடம், வரேன் மாமா என்றாள். அதிலும் மரியாதை குறையவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, நன்மைக்குச் சொன்னால் இப்படி என்று. உன் அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாடு போடும்போது மட்டும், உங்க மூளைக்கு யார்ங்க ஜெபிக்கிறது என்றாள்.

நீ இந்த ஞாயிற்றுக்கிழமை திட்டியதைக் கேட்ட பிறகு திங்களன்று நானே மணவூர் போனேன். சம்பந்தி ரூபஸ் ஸ்டேஷனுக்கே சைக்கிளில் வந்து என் பையை வாங்கிக்கொண்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, கோழி அடித்தார்கள். சாப்பிட்டு முடித்து அவர் மெதுவாய்ச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். எம் பொண்ணு ஐசியூவில ராத்திரியெல்லாம் தனியா நின்னவ சம்பந்தி, அவளுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததில்ல, இங்க வந்த அன்னிக்கிப் பார்த்தேன் என்றார். பிறகு டெபோரா வந்து உட்கார்ந்தாள். நான் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவன், படிப்பு எப்படிப் போகிறது என்றுதான் கேட்டேன். அவள், வார்த்தையெல்லாம் தெரியும் மாமா, அன்னிக்கும் தெரிஞ்சுதான் இருந்தது, நீங்க கேட்டா மட்டும் வராது என்றாள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நோயாளியிடம் விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவரு அங்க தனியா இருக்காரு, அப்பா மேல இருக்கிற மரியாதையும் போயிட்டா அவருக்கு என்ன மாமா இருக்கு என்றாள். நான் எழுந்து கை கழுவப் போகிற மாதிரி கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நீ திட்டியபோதும் வாயைத் திறக்காமல் அவள் காப்பாற்றியது என் பேரை. இத்தனை ஜனத்துக்கு நடுவில் அவளை மந்தம் என்று சொன்ன என் பேரை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை. எனக்கு எத்தனை வார்த்தை தெரிந்தும் ஒரு அதிகாரி எதிரில் நின்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் முழுசாய்ப் பேசியதில்லை, எஸ் சார் என்பதோடு சரி. ஜம்பிள் எனக்கு ஏன் பிடித்தது என்றால் அதைப் போடும்போது எதிரில் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். அது தெரிந்த நானே அவள் எதிரில் போய் நின்றேன்.

நேற்று எவாஞ்சலின் டீச்சர் வீட்டில் உபவாச ஜெபம் இருந்தது. அங்கே எழுந்து நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று தீர்மானமாய்ப் போனேன். ஜெபக்குறிப்பு கேட்டார்கள், எழுந்தும் விட்டேன். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. கால் வலிக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர்களும் பாவம் என் காலுக்காக உருகி ஜெபித்தார்கள். மறுபடி இந்த வெள்ளிக்கிழமை தேசப்பன் வீட்டில் கூட்டம்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்புவதற்கு முன் டெபோராவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி இன்னொரு முறை நான் வாய் திறக்கக் கூடாது. வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, போனிலேயே என் தப்பை மட்டும் எப்படியாவது சொல்லிவிடுகிறேன். இது உன் கைக்கு வந்தால் முதலில் அவளுக்குப் போன் பண்ணு, எனக்கு அப்புறம் பண்ணலாம். திட்டியதற்கு வருத்தம் சொல்லு. பரீட்சையைப் பற்றி மட்டும் கேட்காதே, சொல்ல வேண்டும் என்றால் அவளே சொல்லட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, கவலைப்படாதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, போகையிலும் வருகையிலும் காப்பாராக. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே.

உன் அப்பா,
ஜெபக்குமார்

பி.கு. மேலே உள்ளதை டெபோரா படித்துவிட்டாள். அம்மா போனுக்குக் குரலில் பதில் அனுப்பியிருக்கிறாள். அனுப்புங்க மாமா, அவரைத் திட்டுறதை நான் பார்த்துக்கறேன், வெள்ளிக்கிழமை நானும் தேசப்பன் அங்கிள் வீட்டுக்கு வரேன், நான் இருக்கும்போது சொல்லுங்க என்கிறாள். ஆங், வாம்மா என்று பதில் அனுப்பிவிட்டேன். பயமாய்த்தான் இருக்கிறது காலேப். முடிந்தால் அப்பாவுக்காக ஜெபம் பண்ணிக்கொள், சத்தம் போடாமல்.