மேல்படியில் இரண்டு துண்டு

அன்புள்ள பேரனுக்கு,

நேற்று ஹெல்சிங்கிக் கூட்டத்தில் நீ பேசியதை டிவியில் பார்த்தேன். கம்பெனியை விற்றபின், புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பணமும் புத்தியும் கொடுக்கிறாயாம். ஐந்தாவதோடு நின்றவளின் பேரன்! பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கூடத் தொடங்குன நண்பனை எந்தக் காலத்துலயும் கைவிடாதீங்க" என்று அவர்களிடம் சொன்னாய்.

எனக்கு விறகு பிளந்து கொடுத்துவிட்டு இல்மாரி காபி குடித்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தான் சொல்றான் பாட்டி. அன்னைக்கு இவனுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமப் போச்சு" என்று சிரித்தான். ரொட்டியைத் தொடாமலே எழுந்து போனான்.

நம் ஏரிக்கரைச் சவுனாவில், நீராவிக்குள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்துதான் நீயும் இல்மாரியும் அந்தக் கம்பெனிக்குப் பெயர் வைத்தீர்கள். பிறகு நீ அவனைக் கம்பெனியிலிருந்து வெளியேற்றினாய். ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சவுனாவைச் சூடாக்குகிறேன். சவுனாவுக்குள் யாரும் சண்டை போடுவதில்லை, உனக்கே தெரியும். உட்காரும் மேல்படியில் இரண்டு துண்டு விரித்து வைப்பேன்.

நீ வருவாய் என்று இந்த முறை அவனிடம் சொல்லவில்லை. போன முறை சொன்னேன். சவுனா அடுப்பின் கல் ஆறும்வரை தனியாக உட்கார்ந்திருந்தான்.

உன் வரவை எதிர்பார்க்கும்
பாட்டி